மூன்றும் கலந்த நிறங்கள்: ஆஹென் வட்டாரத்து வண்ணப் பெட்டி

பன்னிரண்டு ட்யூப் அடங்கிய வாட்டர் கலர் பெட்டியோடு ஜெர்மனியின் ஆஹென் நகரின் பழைய வீதிகளை வரைய உட்காருகிறவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே கை நின்றுபோகும். பெட்டியில் சிவப்பு இருக்கிறது. எதிரே நிற்கும் செங்கல் சுவரின் சிவப்பு அது இல்லை. நீலம் இருக்கிறது, வாசல் நிலைகளிலும் சன்னல் விளிம்புகளிலும் பதித்திருக்கும், ஊர்க்காரர்கள் ‘பிளவ்ஷ்டைன்’ என்று சொல்கிற நீலக்கல்லின் நீலம் அது இல்லை. மேலே இருக்கும் மேகம் மூடிய வானத்துக்கோ பெட்டியில் ஒரு ட்யூப்கூடக் கிடையாது.

அந்தச் செங்கல், அந்தக் கல், அந்த வானம் மூன்றிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாமே கலந்திருக்கின்றன. அளவுதான் வேறு வேறு. செங்கல்லில் சிவப்பும் மஞ்சளும் ஓங்கி நிற்க, ஓரமாக ஒரு துளி நீலம் அவற்றின் கூர்மையை மழுக்குகிறது. கல்லில் நீலம் ஓங்கி நிற்க, மற்ற இரண்டும் சேர்ந்து அதைச் சாம்பலாக்குகின்றன. மூன்றாம் நிலை நிறங்கள் என்று ஓவியர்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். உலகத்தில் கண்ணில் படுகிற நிறங்களில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான் என்பதால், இதைக் கலக்கத் தெரியாமல் எதையும் உள்ளபடி வரைய முடியாது.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது முதல் இரண்டு படி: சிவப்பு, மஞ்சள், நீலம் முதன்மை, இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. மூன்றாவது படிக்கு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இன்று இணையத்திலும் பாடப்புத்தகத்திலும் அதிகம் காணப்படுவது முதல் கணக்கு. ஒரு முதன்மை நிறத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டாம் நிலை நிறத்தையும் கலப்பது: மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த நிறம், நீலமும் பச்சையும் சேர்ந்த நிறம், இப்படி ஆறு. ஓவியரும் ஆசிரியருமான யோஹான்னஸ் இட்டன் 1961-இல் வெளியிட்ட வண்ணக்கலை நூலில் வரும் பன்னிரண்டு பகுதிச் சக்கரம் இந்தக் கணக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் 1919 முதல் 1923 வரை இட்டன் பாடம் நடத்தியது பலருக்குத் தெரியும். 1932 முதல் 1938 வரை அவர் ஆஹெனிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் க்ரெஃபெல்டில், பட்டு நெசவுக்குப் பேர்போன அந்த ஊரில், துணி வடிவமைப்புப் பள்ளி ஒன்றை நடத்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நூலையும் சாயத்தையும் கையில் வைத்திருந்த மாணவர்களுக்கு நடுவே ஆறு வருடம் வண்ணம் கற்பித்தவர் அவர்.

இரண்டாவது கணக்கு பழையது. ஜார்ஜ் ஃபீல்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளர் சொந்தமாக நிறமிகள் தயாரித்து ஓவியர்களுக்கு விற்றவர். 1835-இல் வெளியான அவருடைய ‘குரோமட்டோகிராஃபி’ நூலில் மூன்றாம் நிலை நிறங்கள் மூன்றே மூன்று. ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்தால் சிட்ரின். ஆரஞ்சும் ஊதாவும் சேர்ந்தால் ரஸட். பச்சையும் ஊதாவும் சேர்ந்தால் ஆலிவ். புடவைக் கடை மொழியில் சொன்னால் சிட்ரின் கடுகு மஞ்சளை ஒட்டியது, ரஸட் மாந்தளிரை ஒட்டியது, ஆலிவ் பாசிப்பச்சையை ஒட்டியது.

ஃபீல்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஆரஞ்சு என்பது சிவப்பும் மஞ்சளும். பச்சை என்பது மஞ்சளும் நீலமும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு பங்கு மஞ்சள், ஒரு பங்கு சிவப்பு, ஒரு பங்கு நீலம். ஆகவே சிட்ரின் என்பது மற்ற இரண்டால் அடக்கப்பட்ட மஞ்சள். அதேபோல ரஸட் அடக்கப்பட்ட சிவப்பு, ஆலிவ் அடக்கப்பட்ட நீலம். மூன்று முதன்மைகளும் உள்ளே இருக்கின்றன. ஒன்று மட்டும் இரட்டிப்பாக இருந்து தன் சாயலைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இட்டன் சக்கரத்தின் ஆறு நிறங்களும் பளிச்சென்றவை. துணி, விளம்பரத்தட்டி, பொம்மை ஆகியவற்றுக்கு அவை வேண்டும். ஆனால் கல், மரம், மண், மனித முகம் என்று எதையாவது பார்த்து வரைகிறவருக்கு ஃபீல்டின் கணக்குதான் கைகொடுக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, சக்கரத்தில் இல்லாத பழுப்பையும் சாம்பலையும் எங்கே தேடுவது என்று தவிப்பவர்கள் நிறையப்பேர். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சு என்று யாராவது ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பாதித் தவிப்பு தீர்ந்துவிடும். சுற்றிலும் அதைவிட வெளிச்சமான பரப்பு இருக்கும்போது மங்கலான ஆரஞ்சைத்தான் கண் பழுப்பு என்று படிக்கிறது.

ஆஹெனின் பழைய வீடுகள் இதற்குத் தெருவிலேயே பாடம் வைத்திருக்கின்றன. யோஹான் யோசெஃப் கூவன் (1701–1763) என்ற கட்டடக் கலைஞரின் காலத்தில் ஆஹெனிலும் பக்கத்துப் பெல்ஜியத்தின் லியேஜிலும் ஒரு பாணி வேரூன்றியது: சுவர் செங்கல், நிலையும் விளிம்பும் நீலக்கல். செங்கல் அடங்கிய ஆரஞ்சு. நீலக்கல் அடங்கிய நீலம். வண்ணச் சக்கரத்தில் இவை இரண்டும் நேரெதிர். எதிரெதிர் நிறங்கள் பளிச்சென்ற நிலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண் கூசும். இரண்டையும் மூன்றாம் நிலைக்கு இறக்கிவிட்டதால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டிக்கொண்டு, ஏறக்குறைய முந்நூறு வருடமாக ஒரே சுவரில் அமைதியாக இருக்கின்றன. இரண்டுமே அந்த வட்டாரத்து மண்ணிலும் குவாரியிலும் கிடைத்தவை என்பதுதான் காரணம். ஆனாலும் அந்தக் கொத்தனார்களின் கண்ணைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆஹெனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நகரைச் சுற்றி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் வட்டம் போட்டால், ஓவியர் பெட்டியின் மூன்று முக்கியமான நிறமிகளின் வரலாறு அதற்குள் அடங்கிவிடும்: ஒரு வெள்ளை, ஒரு நீலம், ஒரு பழுப்பு.

வெள்ளை கிடைத்தது தென்மேற்கே, இன்றைக்கு பெல்ஜிய எல்லைக்குள் இருக்கும் கெல்மிஸில். அங்கே பல நூற்றாண்டுகளாகத் துத்தநாகத் தாது வெட்டினார்கள். பக்கத்து ஸ்டோல்பெர்க்கின் பித்தளைத் தொழில் வளர அந்தத் தாதுவும் உதவியது. தாதுவிலிருந்து துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்கும் முறைக்கு லியேஜ்காரர் ஷான்-ஷாக் தோனி 1810-இல் காப்புரிமை பெற்றார். சுரங்கம் யாருக்கு என்ற தகராறில் 1816-இல் நெதர்லாந்தும் பிரஷ்யாவும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலத்தையே உண்டாக்கின. மூன்றரை சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள ‘நடுநிலை மோரெஸ்நே’ முதல் உலகப் போர் முடியும்வரை நீடித்தது. 1837-இல் உருவான வியே மோன்தாஞ் நிறுவனம் இந்தச் சுரங்கத்தை அடித்தளமாகக் கொண்டு ஐரோப்பாவின் பெரிய துத்தநாக நிறுவனமாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் துத்தநாக வெள்ளையும் அதன் சரக்குகளில் ஒன்றாயிற்று. கெல்மிஸ் சுரங்கம் 1885-இல் வற்றிப்போனது. துத்தநாகம் செறிந்த அந்த மண்ணில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் ஒரு வயலட் செடி மட்டும் ஆஹெனுக்கும் லியேஜுக்கும் இடையே இன்றும் பூத்துக்கொண்டிருக்கிறது.

துத்தநாக வெள்ளை வருவதற்கு முன்னால் எண்ணெய் ஓவியர்களுக்கும் வீட்டுக்கு வண்ணம் அடிப்பவர்களுக்கும் ஈய வெள்ளைதான் கதி. அது விஷம், அதைக் கையாண்ட எத்தனையோ தொழிலாளர்களின் நரம்பையும் குடலையும் கெடுத்தது. பாரிஸில் வண்ணப்பூச்சு ஒப்பந்ததாரராக இருந்த எட்மே-ஷான் லெக்லேர் தன் ஆட்களின் உடல்நிலையைக் கண்டு 1840-களில் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். கலப்பவர் பார்வையில் அதற்கு இன்னொரு நன்மை. டைட்டானியம் வெள்ளை ஒரு சொட்டு விழுந்தாலும் கலவை முழுவதையும் வெளுக்கடித்துவிடும். துத்தநாக வெள்ளையோ மெல்ல மெல்லத்தான் வெளுக்கும், ஊடுருவித் தெரியும், கொஞ்சம் குளிர்ந்த சாயல் உண்டு. மங்கலான சாம்பல்களை நுணுக்கமாக ஏற்றி இறக்க அதுவே உகந்தது. எண்ணெய் வண்ணத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: துத்தநாக வெள்ளைப் படலம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டது. வாட்டர் கலரிலும் கவாஷிலும் அந்தப் பயம் இல்லை.

நீலம் கிடைத்தது ரைன் ஆற்றங்கரையில். அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த, மிக விலை உயர்ந்த நிறமி. 1820-களின் பிற்பாதியில் பிரான்ஸில் கிமே, ஜெர்மனியில் க்மெலின் என்ற வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்டார்கள். கார்ல் லெவர்குஸ் 1834-இல் வெர்மெல்ஸ்கிர்ஹெனில் அல்ட்ராமரைன் ஆலை தொடங்கி, 1860-களில் அதை ரைன் கரைக்கு மாற்றினார். அந்தக் குடியிருப்புக்கு அவர் குடும்பப் பெயரே வந்தது. 1930 முதல் நகரத்தின் பெயரும் லெவர்குசன்தான். பின்னாளில் பேயர் நிறுவனம் காலூன்றிய இடம் அதுவே.

தமிழ் வீடுகளில் இதே நீலம் வேறு வேலை பார்த்தது. வேட்டிக்கும் பள்ளிச் சட்டைக்கும் கடைசி அலசலில் போட்ட நீலப்பொடி இந்தச் செயற்கை அல்ட்ராமரைன்தான். பருத்தித் துணி நாளாக ஆகப் பழுத்து மஞ்சளேறும். மஞ்சளின் மேல், சிவப்புப் பக்கம் சாய்ந்த இந்த மெல்லிய நீலம் ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாயலற்ற வெளிர் சாம்பலில் முடிகின்றன. அதைக் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. எதிர் நிறத்தைத் துளி சேர்த்தால் நிறத்தின் வீறு குறையும் என்ற விதியை, வண்ணச் சக்கரத்தைப் பார்த்தே இராத பாட்டிமார்கள் வாளித் தண்ணீரில் தினமும் கையாண்டிருக்கிறார்கள்.

பழுப்பு கிடைத்தது கொலோனுக்கும் ஆஹெனுக்கும் இடையே இருக்கும் பழுப்பு நிலக்கரிப் படுகையில். ‘கொலோன் மண்’ என்று ஓவியர்கள் அழைத்த நிறமி அசல் மண்ணே அல்ல. மக்கிப் பாதி கரியாகிப்போன தாவரப் பொருள். 17-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ், டச்சு ஓவியங்களின் ஆழ்ந்த நிழல்களில் அது இருக்கிறது; வான் டைக் என்ற ஓவியரின் பெயரிலேயே அதே வகைப் பழுப்பு பிற்காலத்தில் விற்கப்பட்டது. வெளிச்சத்தில் வெளிறும் குணம் இருப்பதால், இன்று ‘வான்டைக் பிரவுன்’ என்று எழுதிய ட்யூபுகளில் பெரும்பாலும் வேறு நிறமிகளின் கலவையே இருக்கும். அந்தப் படுகையை இப்போது இன்டென், ஹம்பாஹ், கார்ட்ஸ்வைலர் என்ற மாபெரும் திறந்தவெளிச் சுரங்கங்கள் மின்சாரத்துக்காகத் தோண்டிக்கொண்டிருக்கின்றன. 2030-க்குள் அங்கே நிலக்கரி எடுப்பதை நிறுத்த 2022-இல் உடன்பாடு ஆயிற்று.

இப்போது பேலட்டுக்கு வரலாம். வெளிறிப்போகும் கொலோன் மண்ணுக்குப் பதிலாக பர்ன்ட் சியன்னாவை எடுத்துக்கொண்டால் போதும்: சுட்டுச் சிவந்த மண், நிலையானது, இருண்ட ஆரஞ்சு. அதற்கு எதிரே அல்ட்ராமரைன். இந்த இரண்டு நிறமிகளை மட்டும் வைத்து ஆஹென் நகரை ஏறக்குறைய முழுதாக வரைந்துவிடலாம். சியன்னா தூக்கலாகவும் அல்ட்ராமரைன் துளியாகவும் இருந்தால் நிழல் விழுந்த செங்கல். நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிக் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். அதையும் தாண்டினால் மழையில் நனைந்த நீலக்கல். அதையே தண்ணீரில் நன்றாகக் கரைத்தால் நவம்பர் வானம். கறுப்பு ட்யூபைத் தொடவே வேண்டாம். இப்படிக் கிடைக்கும் சாம்பலில் இரண்டு நிறமிகளின் சாயலும் உயிரோடு இருக்கும்; சொரசொரப்பான காகிதத்தில் அல்ட்ராமரைன் துகள்கள் குழிகளில் தங்கி, சியன்னா மேட்டில் பரவி, ஒரே தீற்றலுக்குள் இரண்டும் தனித்தனியே தெரியும். அது கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் வராது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நிறமி என்பது வெளிச்சத்தைத் தின்னும் பொருள். நீல நிறமி சிவப்பு, ஆரஞ்சுப் பகுதிகளைத் தின்றுவிட்டு நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆரஞ்சு நிறமி நீலத்தைத் தின்கிறது. இரண்டையும் கலந்தால் ஒன்று விட்டதை மற்றது தின்றுவிடும். திரும்பி வருவது எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம்தான், அதுவே சாம்பல். வண்ணப்பூச்சில் தின்னுதலும் சிதறுதலும் எப்படிக் கணக்காகும் என்பதற்கு பால் குபெல்காவும் ஃபிரான்ஸ் முங்கும் 1931-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். இன்றைக்குப் பெயின்ட் கடையில் கம்ப்யூட்டர் நிறம் பொருத்தும்போது அதன் அடியில் பெரும்பாலும் அந்தச் சூத்திரமே ஓடுகிறது.

எந்த ட்யூபிலும் கலப்பில்லாத முதன்மை நிறம் கிடையாது என்பது அடுத்த பாடம். அல்ட்ராமரைன் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்தது. லெமன் யெல்லோ பச்சைப் பக்கம். காட்மியம் யெல்லோவின் அடர் வகை ஆரஞ்சுப் பக்கம். தாலோ நீலத்தையும் லெமன் யெல்லோவையும் கலந்தால் கிளிப்பச்சை பளிச்சென்று வரும், ஏனென்றால் உள்ளே சிவப்பின் கலப்பே இல்லை. அல்ட்ராமரைனையும் அடர் காட்மியத்தையும் கலந்தால் இரண்டிலும் ஒளிந்திருக்கும் சிவப்பு குறுக்கே வந்து பாசிப்பச்சையைத் தரும். பச்சை கலக்கப்போய்ப் பாசி வந்துவிட்டதே என்று வண்ணத்தைக் கொட்டிவிட வேண்டாம். தெரிந்து செய்தால் அதுவே ஃபீல்டின் ஆலிவ், வேண்டும்போது கைக்கு வரும். ஆஹென் காட்டின் கோடைப் பச்சைக்கு அந்தப் பாசிதான் சரி. கிளிப்பச்சையை அப்படியே வைத்தால் மரம் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஒரு துளி பர்ன்ட் சியன்னா விட்டால் உடனே இலையாகிவிடும்.

கை பழகுவதற்கு எளிய வழி, எதிரெதிர் ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு நீளக் காகிதத்தில் படிப்படியாக இழுத்துப் பார்ப்பது. ஊதாவும் மஞ்சள் காவியும், தாலோ பச்சையும் அலிசரின் கிரிம்சனும், அல்ட்ராமரைனும் சியன்னாவும். எப்போதும் வெளிர் நிறத்தில் தொடங்கி அதில் அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். தாலோ நிறமிகளின் வேகத்துக்கு ஊசிமுனையளவே அதிகம். மூன்று நிறமிகளுக்கு மேல் ஒரு கலவையில் போகாமல் இருப்பது நல்லது. கலவை சேறாகிவிட்டது என்று சொல்கிறவர்களின் பேலட்டைப் பார்த்தால் அதில் ஐந்தாறு நிறமிகள் முட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தபின் நிறம் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும்: வாட்டர் கலர் வெளிறும், அக்ரிலிக் கறுக்கும்.

நிறமிகள் குறைவாக இருப்பது சில சமயம் ஓவியரின் விருப்பம். சில சமயம் சுவரின் கட்டளை. ஆஹெனில் பிறந்த ஆல்ஃபிரட் ரேட்டல் (1816–1859) நகரமன்றத்தின் முடிசூட்டு மண்டபத்தில் பேரரசர் சார்லமேனின் கதையைச் சுவரோவியமாக 1847-இல் தொடங்கினார். எட்டு ஓவியங்கள் திட்டம். நான்கை அவர் முடித்தார். மனநோய் அவரை நிறுத்தியது. மீதியை யோசெஃப் கேரன் முடித்தார். இரண்டாம் உலகப் போரின் அழிவுக்குப் பின் எஞ்சியவை ஐந்து. ஈரச் சுண்ணாம்பு எல்லா நிறமியையும் பொறுத்துக்கொள்ளாது. பிரஷ்ய நீலத்தை அது அழித்துவிடும். தாவரச் சாயங்களையும் விடாது. காவிகள், பச்சை மண், கரி போன்றவை தாங்கும். அதனால் சுவரோவியம் என்றாலே மண்ணும் கல்லும் தருகிற மூன்றாம் நிலை நிறங்கள்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தபோதும் பட்டியலில் பெரும்பாலும் வந்தவை சுண்ணாம்பு, கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண் போன்றவையே. ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தச் சிறிய பட்டியலை வைத்துக்கொண்டு நடன மாதர்களின் உடல் நிறத்தில் எத்தனை வேறுபாடு காட்டியிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிறமியைத் தொடாமலும் நிறம் கலக்கலாம். சார்லமேன் கட்டிய தேவாலயத்தின் குவிமாடத்தில் 1880–81-இல் வெனிஸின் சால்வியாத்தி பட்டறை பதித்த மொசைக்கில், துண்டுகள் தனித்தனி நிறம். கீழே நிற்பவர் கண்ணில் அவை சேர்ந்து கலக்கின்றன. அதே தேவாலயத்தின் பாடகர் மண்டபத்தில் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட கண்ணாடி. போரில் நொறுங்கிய சன்னல்களுக்குப் பதிலாக அன்டோன் வென்ட்லிங்கும் வால்டர் பென்னரும் 1949-க்கும் 1951-க்கும் இடையே புதியவற்றை வடிவமைத்தார்கள். சிறு சிறு துண்டுகளாகச் சிவப்பும் நீலமும் அடுத்தடுத்து இருந்தால் தூரத்தில் ஊதாவாகத் தெரியும். பேலட்டில் கலந்தால் வெளிச்சம் குறையும். இப்படிக் கண்ணில் கலந்தால் இரண்டின் சராசரி வெளிச்சம் நிற்கும். வென்ட்லிங்கிடம் உதவியாளராக இருந்த, பக்கத்து ஆல்ஸ்டோர்ஃபில் பிறந்த லூட்விக் ஷாஃப்ராட், 1960-களில் தேவாலயத்தின் சுற்றுத் தாழ்வாரச் சன்னல்களைச் செய்தபோது வண்ணத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார். பாடகர் மண்டபத்தின் வண்ண வெள்ளத்திலிருந்து வெளியே வருகிற கண்ணுக்கு அந்த வெளிர் சன்னல்கள் தரும் ஓய்வு பெரிது.

கம்பளியிலும் இதே தத்துவம். ஆஹென் பல நூற்றாண்டுகளாகக் கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். அந்தத் தொழிலின் இயந்திரங்களை இன்று நகரின் வடக்கே துக்வெர்க் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோட்டுத் துணியில் வருகிற அந்தச் செழுமையான சாம்பலும் பழுப்பும் ஒரே சாயத் தொட்டியில் பிறந்தவையல்ல. நூற்பதற்கு முன்பே பஞ்சு நிலையில் கம்பளியைத் தனித்தனி நிறத்தில் தோய்த்து, பிறகு அந்த இழைகளைக் கலந்து சீவி நூற்பார்கள். நூலை உருப்பெருக்கியில் பார்த்தால் நீல இழை, செம்பழுப்பு இழை, வெள்ளை இழை என்று தனித்தனியே கிடக்கும். கைநீட்டும் தூரத்தில் ஒரே சாம்பல். எந்த அளவில் எந்த இழையைக் கலந்தால் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டிக் கணிக்க ஸ்டேர்ன்ஸ், நோய்ஷல் என்ற இருவர் 1944-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். கம்பளியை வைத்தே அதைச் சோதித்தார்கள். காஞ்சிபுரத்தில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்து மயில் கழுத்து நிறம் எடுப்பதும் இதே வேலைதான். ஆனால் அங்கே இழைகள் சீராகக் குறுக்கும் நெடுக்கும் போவதால், துணி மடியும் கோணத்துக்கேற்ப ஒரு நிறம் முந்தும், மற்றது பின்வாங்கும். அப்படிப்பட்ட புடவையை வரைகிறவர் ஒரே கலவை தேடிப் பயனில்லை. மேட்டுக்கு ஒரு நிறம், பள்ளத்துக்கு இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்தே தீட்ட வேண்டும்.

துணியிலிருந்து கட்டடத்துக்கு வந்தால், ஆஹென் கல்தச்சர் ஒருவரின் மகனாக 1886-இல் பிறந்த கட்டடக் கலைஞர் லூட்விக் மீஸ் வான் டெர் ரோஹே, 1929-இல் பார்சிலோனாவில் கட்டிய ஜெர்மன் மண்டபத்தில் கண்ணில் படுபவை வெளிர்பழுப்பு டிராவர்டைன், இரண்டு வகைப் பச்சைப் பளிங்கு, தேன் நிற ஆனிக்ஸ். எல்லாமே மூன்றாம் நிலை. அவற்றின் நடுவே வடிவமைப்பாளர் லில்லி ரைஹ்ஷோடு சேர்ந்து அவர் வைத்தது ஒரு சிவப்புத் திரை, ஒரு கறுப்பு விரிப்பு. மங்கிய நிறங்களால் சூழப்பட்டதால் அந்த ஒரு சிவப்பு, அளவுக்கு மீறிய வீறோடு எரிகிறது. இடம் பெரிதும் அடங்கியிருந்தால்தான் ஒரு தூய நிறம் பேச முடியும் என்பதைக் கட்டடத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டியவர் குறைவு.

இத்தனையும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் மழலையர் பள்ளிகளில் வெளிர் ரோஜா நிறப் பென்சிலுக்கு ‘தோல் நிறம்’ என்றே பேச்சுவழக்கு. அமெரிக்காவில் க்ரேயோலா நிறுவனம் அப்படிப்பட்ட பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. ஆஹெனில் படிக்க வந்து வேலையில் அமர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் அம்மாவை வரைய உட்காரும்போது அந்தப் பென்சில் உதவாது. எதை எடுப்பது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பர்ன்ட் சியன்னாவும் மஞ்சள் காவியும் அடித்தளம். அதோடு அல்ட்ராமரைன் சிறிது. மாநிறம் முதல் நல்ல கறுப்பு வரை இந்த மூன்றின் அளவை மாற்றினாலே கிடைக்கும். முகம் முழுவதற்கும் ஒரே கலவை பூசக் கூடாது: நெற்றியில் காவியின் மஞ்சள் சற்றுக் கூடுதல், கன்னம், மூக்கு, காது மடலில் சிவப்பு ஒரு துளி, உதட்டைச் சுற்றியும் தாடையிலும் நீலம் சற்றுத் தூக்கல். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் சியன்னாவிலேயே அல்ட்ராமரைனைக் கூட்ட வேண்டும்; அலிசரின் ஒரு துளி சேர்ந்தால் நிழலுக்குள் சூடு இருக்கும். ஆஹெனின் மேகமூட்ட வெளிச்சத்தில் கருத்த தோலின் மேட்டுப் பகுதிகள் வானத்தின் குளிர்ந்த சாம்பல் நீலத்தைப் பிரதிபலிக்கும். சென்னை வெயிலில் அதே இடம் மஞ்சளேறித் தெரியும். அந்தப் பளபளப்புக்கு வெள்ளையை மட்டும் வைத்தால் மாவு பூசினாற்போல் வெளிறிப்போகும். துத்தநாக வெள்ளையில் அல்ட்ராமரைனும் சியன்னாவும் துளித்துளியாகக் கலந்து, அடிவண்ணம் காய்ந்த பிறகு மெல்லிய படலமாக ஒருமுறை இழுத்தால் தோல் ஒளிரும்.